ஊசித்துளை கேமராவும் செட்டிநாட்டு வீடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி, பழைய டப்பாக்களைக் கேமராவாக்கிப் படம் எடுக்கிறோம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஊசித்துளை கேமரான்னா என்ன? லென்ஸே இல்லாம எப்படிப் படம் விழும்?

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் மெழுகுவர்த்தி தலைகீழாகத் தெரிகிற படம் இருக்குமே, அதேதான். வெளிச்சம் புகாத பெட்டி. ஒரு பக்கம் ஊசிமுனை அளவு ஓட்டை. எதிர்ப்பக்கம் உள்ளே, ஒளி பட்டால் கறுக்கிற போட்டோ தாள். வெளிச்சம் நேர்கோட்டில் போவதால் தூணின் உச்சியிலிருந்து வருவது ஓட்டையைத் தாண்டி தாளின் கீழ்ப்பக்கம் விழும். தூணின் அடியிலிருந்து வருவது மேல்பக்கம் விழும். ஓட்டை சின்னதாக இருப்பதால் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் அதனதன் இடத்திலேயே விழுந்து படமாகிறது.

கேமரா வேண்டாமல் இதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வேப்பமரத்தடிக்குப் போங்கள். இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழும் வெளிச்சப் பொட்டு வட்டமாகத்தான் இருக்கும். அது ஓட்டையின் வடிவம் கிடையாது, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று காலையில் மரத்தடியெல்லாம் பொட்டுகள் பிறை பிறையாகக் கிடந்தன. கண்ணாடி வாங்காதவர்கள்கூட மண்ணைப் பார்த்தே கிரகணம் பார்த்தார்கள்.

இதை யார் கண்டுபிடிச்சது?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஏறக்குறைய 2400 வருடங்களுக்கு முன்பே சீனாவில் மோசி என்ற தத்துவஞானியின் வழியினர் இந்தத் தலைகீழ் படத்தைப் பற்றி எழுதினார்கள். 11ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் இதை வைத்து வெளிச்சத்தின் போக்கை ஆராய்ந்தார். படமாகப் பதிக்கும் தாள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு உலக ஊசித்துளை ஒளிப்பட நாள், 2001லிருந்து நடக்கிறது. எங்கள் வளவில் அன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

எந்த டப்பா நல்லது? பிஸ்கட் டின் போதுமா?

மூடி இறுக்கமாக உட்காரும் எந்தத் தகர டப்பாவும் போதும். நான் சிபாரிசு செய்வது பால்பவுடர் டின். மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் வெளிச்சம் கசியும். உள்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டி, வெளியே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். டப்பாவின் உட்புறம் முழுக்க கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட் அடிக்க வேண்டும். மினுங்குகிற கறுப்பு உதவாது, வெளிச்சம் தெறித்துப் படத்தில் புகை மாதிரி படியும்.

உருண்டை டின்னில் தாள் வளைந்து உட்காரும். டின்னை நிமிர்த்தி வைத்து எடுத்தால் தூண்கள் நேராக நிற்கும். உத்தரமும் தரைக்கோடும் வளையும். நம் வீடுகளுக்கு இது பொருத்தமாகவே அமைகிறது. பர்மா தேக்குத் தூண்கள் ஒரு வரிசையாக நிமிர்ந்து நிற்க, மேலே உத்தரம் மட்டும் வில்லாக வளைந்து வீடு நம்மைச் சுற்றிக்கொள்வது போல இருக்கும். கோடு கோடாக நேராக வேண்டும் என்பவர்கள் சதுர பிஸ்கட் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை எவ்வளவு பெருசு போடணும்? ஆணி வச்சு அடிச்சாப் போதாதா?

ஆணி வேண்டாம். எல்லாத் தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டின்னில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். குளிர்பானக் கேனிலிருந்து மெல்லிய தகடு வெட்டி, மெல்லிய தையல் ஊசியின் நுனியால் அழுத்தி ஒரு குழி மட்டும் உண்டாக்குங்கள். பின்பக்கம் புடைத்த இடத்தை வழுவழு உப்புத்தாளால் தேயுங்கள். மறுபடி ஊசி, மறுபடி உப்புத்தாள். ஊசி தானாக எட்டிப் பார்க்கும் வரை அவசரப்படாதீர்கள். ஓரத்தில் பிசிறு இல்லாத வட்டமாக வந்ததும் தகட்டை ஜன்னலில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள்.

அளவு, ஓட்டைக்கும் தாளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. 5 செ.மீ. தூரத்துக்கு 0.32 மி.மீ., 7.5 செ.மீ.க்கு 0.39, 10 செ.மீ.க்கு 0.45 என்று கணக்கு வரும். இதைவிடப் பெரிதானால் படம் கலங்கும். ரொம்பச் சிறிதானாலும் கலங்கும், ஏனென்றால் வெளிச்சம் ஓட்டையின் விளிம்பில் சிதறிப்போகும். அளக்க வேண்டுமென்றால் தகட்டை ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்து எடுங்கள்; 94 புள்ளி ஒரு மில்லிமீட்டர்.

எத்தனை நிமிஷம் திறந்து வைக்கணும்?

10 செ.மீ. டின், 0.45 மி.மீ. ஓட்டை என்றால் அதன் எஃப் எண் (தூரத்தை ஓட்டையின் அகலத்தால் வகுத்தது) 222. போட்டோ தாளின் வேகம், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் வாங்கும் என்பது, ஐஎஸ்ஓ என்ற கணக்கில் 6 அளவில் வரும். ஃபோனில் லைட் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டு, ஐஎஸ்ஓ 6, எஃப் 22 என்று வைத்து, அது சொல்லும் நேரத்தை 100 ஆல் பெருக்குங்கள். உச்சி வெயிலில் நொடியில் மூன்றில் ஒரு பங்கு என்று காட்டும். நீங்கள் அரை நிமிடம் திறந்து வைக்க வேண்டும்.

திண்ணை நிழல் என்றால் 4 நிமிடத்திலிருந்து தொடங்கலாம். வளவைச் சுற்றிய பத்திகளில், அதாவது தாழ்வாரங்களில், 10லிருந்து 20 நிமிடம். வீட்டின் இருண்ட உட்பகுதிகளான பட்டாலையிலோ இரண்டாம் கட்டிலோ மணிக்கணக்கு. நேரம் நீள நீள தாள் சோம்பல்படும் என்பதால் கணக்கு சொல்வதைவிடக் கூடவே கொடுங்கள். ஷட்டர் என்று தனியாக எதுவும் வேண்டாம்; ஓட்டையின் மேல் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிரிப்பதுதான் திறப்பது, ஒட்டுவதுதான் மூடுவது. டின்னின் தலையில் ஒரு செங்கலை வையுங்கள், காற்றுக்கு ஆடாது.

இருட்டறைக்கு எங்கே போறது? எங்க வீட்டுல அப்படி ரூம் இல்லையே?

செட்டிநாட்டு வீட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கலாமா? வளவு ஓரத்தில் வரிசையாக இருக்கும் அறைகளில் சீர் சாமான் வைத்துப் பூட்டிய ஒன்றைத் திறந்தாலே போதும். பெரும்பாலும் ஜன்னலும் இருக்காது. கதவிடுக்கில் ஜமக்காளத்தைத் தொங்கவிடுங்கள். புது வீட்டுக்காரர்கள் ராத்திரியில் குளியலறையைப் பயன்படுத்தலாம்.

உள்ளே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியலாம். கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு தெரியாது. பல்பை நம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். தாளின் மேல் ஒரு காசை வைத்து 5 நிமிடம் அந்த வெளிச்சத்தில் விட்டுக் கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் பல்பு சரியில்லை. சிவப்பைப் பார்க்க முடியாத இந்தக் குணம் படத்திலும் வரும்: அரக்குச் சிவப்புக் கண்டாங்கி கறுப்பாகிவிடும், நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகிவிடும், நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

காபித்தூள்ல படம் கழுவலாம்னு சொல்றாங்களே, நெஜமா?

நிஜம்தான். 1 லிட்டர் தண்ணீர், சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம். இதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கரையுங்கள். சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. மாற்றிப் போட்டால் படம் எழும்பாது. நம் ஊர் டிகாஷனை வைத்தும் பார்த்தோம். சிக்கரி கலந்த தூளாதலால் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி வந்தது, விட்டுவிட்டோம். மலிவான இன்ஸ்டன்ட் தூளே போதும். வாசம் நன்றாக இருக்காது. தாளில் லேசாகப் பழுப்பேறும், எனக்கு அது பிடிக்கும்.

படத்தை எழுப்பும் இந்த மாதிரிக் கரைசலுக்கு, அதாவது டெவலப்பருக்கு, 20 டிகிரி என்று புத்தகம் சொல்லும். சித்திரை வைகாசியில் நம் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. மண்பானைத் தண்ணீரில் கரையுங்கள், தட்டைப் பெரிய தாம்பாளத்தில் ஐஸ் போட்டு வையுங்கள். படத்தை நிலைக்க வைப்பதற்கு ஹைப்போ என்ற ரசாயனம் கட்டாயம் வேண்டும். அதற்குச் சமையலறையில் உருப்படியான மாற்று கிடையாது. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றவே கூடாது. கேனில் சேர்த்து வையுங்கள். இரும்பு நாரைப் போட்டு வைத்தால் வெள்ளி கசடாகப் பிரியும்.

கழுவுனா எல்லாம் கறுப்பு வெள்ளை மாறித் தலைகீழா வருதே? வெள்ளைத் தூணு கறுப்பா நிக்குது!

அது நெகட்டிவ். காய்ந்ததும் அதை ஒரு புதுத் தாளின் மேல் முகத்தோடு முகம் வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, சில நொடி பல்பைப் போட்டுக் கழுவுங்கள். நேர்ப்படம் வந்துவிடும். அவசரத்துக்கு ஃபோனில் படம் பிடித்து நிறத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

இதை விளக்க நான் எப்போதும் ஆத்தங்குடிக்குத்தான் கூட்டிப்போவேன். அங்கே தரையில் பதிக்கும் பூக்கல் செய்பவர் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார். பூ கவிழ்ந்து கிடக்கிறது, வேலை செய்கிறவருக்கே முகம் தெரியாது. காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் பளபளவென்று பூ வெளியே வரும். தட்டில் தாளைப் போட்டுவிட்டு ஆட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும்.

நான் தெருவைத்தான் எடுத்தேன். அவ்வளவு பேர் போனாங்க, ஒருத்தரும் படத்துல இல்லையே?

இந்தக் கேள்வியிலிருந்துதான் உண்மையான விஷயம் தொடங்குகிறது. 4 நிமிடம் திறந்திருக்கும் டப்பாவின் முன் ஒருவர் 3 நொடியில் நடந்துபோனால், தாளுக்கு அவர் வந்ததே தெரியாது. 1838இல் ஒளிப்பட முன்னோடி டாகர் பாரீஸ் நகரத் தெரு ஒன்றைத் தன் ஜன்னலிலிருந்து எடுத்தார். அவருடையது லென்ஸ் வைத்த கேமராதான், ஆனால் பல நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. வண்டியும் ஆளுமாக இருந்த தெரு அந்தப் படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தெளிவாகத் தெரிவது ஒருவர்தான். ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றவர் அவர்.

என் அனுபவத்தில் மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தவர் அடையாளம் தெரிகிற மாதிரி விழுவார். கால்வாசி நேரம் இருந்தவர் பின்னால் உள்ள கதவு தெரிகிற புகையாக விழுவார். அதற்கும் குறைந்தால், உடுப்பைப் பொறுத்தது. வெள்ளை வேட்டி இருண்ட வாசலைக் கடந்தால் ஒரு வெளுப்பு மிஞ்சும். கறுத்த புடவை வெள்ளைச் சுவரைக் கடந்தால் ஒன்றும் மிஞ்சாது.

மங்கலா வேணும்னா ஃபோன்ல ஒரு ஃபில்டர் போட்டா அதே மாதிரி வந்துடாதா? இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?

வராது. ஃபில்டர் படம் முழுவதையும் ஒரே அளவு மங்கலாக்கும். பாட்டியின் முகமும், பக்கத்துத் தூணும், காலடியில் ஓடிய பூனையும் ஒரே மாதிரி வெளுத்துப்போகும். அந்தச் செயலிக்கு எது இருந்தது, எது போனது என்று தெரியாது, ஏனென்றால் அது எடுத்தது ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கை.

டப்பா எடுப்பது மொத்தமாக ஒரு பொழுதை. அசையாதது திடமாக நிற்கும், அசைந்தது அசைந்த அளவுக்குக் கரையும். நம் நினைவும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன். சின்ன வயதில் விடுமுறைக்குப் போன வீட்டை நினைத்துப் பாருங்கள். கதவின் பித்தளைக் குமிழ் கை வைத்தால் சில்லென்று இருந்தது வரை ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வளவில் ஓடியது யார் யார் என்று கேட்டால் சத்தம் மட்டும்தான் ஞாபகம் வரும். அந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதுகிற கருவி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. இதில் ஃபோகஸ் என்பதே இல்லை. காலடியிலுள்ள பூக்கல்லும் கடைசிக் கட்டின் வாசலும் ஒரே மென்மையோடு விழும். முகப்பிலிருந்து பின் தெருக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் வாசல் வாசலாகப் போகும் நம் வீடுகளுக்கு இதைவிடத் தோதான கண் கிடையாது.

அப்ப ஒரு நொடியில நடந்து முடியுறதை எடுக்கவே முடியாதா? திருப்பூட்டுற (தாலி கட்டுற) நேரத்தை எடுக்கணும்னு ஆசை.

அந்த நொடியை எடுக்க முடியாது. அந்த நொடி உட்கார்ந்திருந்த பொழுதை எடுக்கலாம். எங்கள் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில், பந்தல் போட்டு இருட்டிய வளவின் மூலையில் டின்னை வைத்து 25 நிமிடம் திறந்து வைத்தேன். மறுநாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, அதே இடத்தில் அதே 25 நிமிடம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தூண்கள் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருக்கின்றன. கல்யாணப் படத்தில் மணமக்கள் இல்லை, கூட்டம் இல்லை. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் ஒரு வெண்மை, அதிகாலையில் ஊருணி மேல் நிற்கிற பனி மாதிரி. இடது ஓரத்தில் ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மட்டும் விழுந்திருக்கிறார், வேட்டி மடிப்பு தெரிகிற அளவுக்கு. காது அவ்வளவாகக் கேட்காது என்பதால் யாரும் அவரிடம் பேசவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. திருப்பூட்டும்போது மற்ற எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்பதற்குச் சாட்சியாக அந்த வெண்மைக்கு மேலே இன்னும் மெல்லியதாக ஒரு வெளுப்பு இருக்கிறது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பத்தாவை எடுக்கணும். 88 வயசு. நாலு நிமிஷம் ஆடாம எப்படி உக்காருவாங்க?

ஆடாமல் உட்காரச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துப் பிடிப்பார்கள். அதனால்தான் பழைய படங்களில் எல்லோரும் விறைப்பாக இருக்கிறார்கள். முதுகுக்குச் சாய்மானம், தலைக்குச் சுவர், அவ்வளவு போதும். பிறகு அவர்கள் வழக்கமாகச் செய்கிற கைவேலையைக் கொடுங்கள்.

என் அப்பத்தாவை ஒரு ஆவணி மத்தியானம் பத்தியில் தூணோரம் உட்கார வைத்து எடுத்தேன். கையில் பனையோலை விசிறி. ‘படம் பிடிக்கிறியா, பிடிச்சுக்க’ என்று சொல்லிவிட்டு வீசிக்கொண்டே இருந்தார்கள். 6 நிமிடம். கழுவினபோது முகம் கொஞ்சம் கலைந்திருந்தது, ஆனால் அவர்கள்தான் என்று யாரும் சொல்லிவிடலாம். மூக்குத்தி ஒரு சின்ன வெளிச்சக் கீற்று. விசிறி இருந்த இடத்தில் பெரிய வெள்ளைப் பூ ஒன்று விரிந்திருக்கிறது. நடுவில் காம்பு மாதிரி மணிக்கட்டு. அவர்களுடைய நல்ல ஸ்டுடியோ படம் வீட்டில் இரண்டு இருக்கிறது. வருகிறவர்கள் நிற்பது இதன் முன்னால்தான்.

ஐயா இறந்துட்டாங்க. அவங்க சாய்வு நாற்காலி மட்டும் இருக்கு. அதை எடுத்தா வெறும் நாற்காலியாத்தானே இருக்கும்?

வெறும் நாற்காலியாக எடுத்தாலும் தப்பில்லை. ஐயா எந்த நேரத்தில் அங்கே உட்காருவார் என்று கேட்டுக்கொண்டு அதே நேரத்தில், அவர் உட்காருகிற நேரம் முழுவதும் திறந்து வையுங்கள். பேப்பர் படிக்க ஒரு மணி நேரம் உட்காருவார் என்றால் ஒரு மணி நேரம். வெளிச்சம் மிஞ்சினால் ஓட்டையின் முன்னால் கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள்.

சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள். பேரனை உட்கார வைத்து, மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனதும் எழுந்துபோகச் சொல்வார்கள். பிரம்புப் பின்னல் தெரிகிற மாதிரி ஒரு உருவம் விழும். கேட்டு மனம் ஒப்பினால் செய்யுங்கள். ஒருமுறை வளவில் ஒரு ஆச்சி இப்படி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் இதை யாருக்கும் தானாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, கேட்டால் மட்டும்.

வளவுல விழுற வெயில் ஏன் படத்துல பட்டையா இழுத்துக்கிட்டுப் போகுது?

நீங்கள் திறந்து வைத்திருந்த நேரத்தில் சூரியன் நகர்ந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. கூர்மையான வெயில் சதுரம் வேண்டுமென்றால் நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். எனக்குப் பட்டையாக விழுவதுதான் பிடிக்கும்.

கதவைச் சாத்துனா எங்க வீட்டுச் சுவத்துல தெருவுல போறவங்க தலைகீழாத் தெரியுறாங்க. இதுவும் அதானா?

அதேதான். கதவில் எங்கேயோ ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. அறையே கேமரா, நீங்கள் தாளின் இடத்தில் நிற்கிறீர்கள். மத்தியான வெயில் எதிர்வீட்டில் நேராகப் படும்போது நன்றாகத் தெரியும். கியூபாவில் பிறந்த ஒளிப்படக்காரர் அபெலார்டோ மொரெல் 1991லிருந்து இப்படி அறைகளை இருட்டாக்கி, சுவரில் விழும் வெளியுலகத்தைப் படமெடுத்து வருகிறார்.

நீங்களும் செய்யலாம். மற்ற இடுக்குகளை அடைத்து, ஓட்டையை ஒரு செ.மீ. அளவுக்குள் வைத்து, ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி நீண்ட எக்ஸ்போஷர் வையுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் தெரு இப்படித் தினமும் வந்துபோகிறது என்பதை முதன்முதலில் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு டப்பாவை மாசக்கணக்குல மாட்டி வைக்கலாமா? சூரியன் கோடு கோடா விழும்னு சொன்னாங்க.

வைக்கலாம். போட்டோ தாளைப் போட்டு, ஜூன் 21லிருந்து டிசம்பர் 21 வரை அசையாமல் கட்டி வைத்தால் தினம் ஒரு வளைவாகச் சூரியன் கோடு போடும். மேகம் மறைத்த நாளில் கோடு அறுந்திருக்கும். இந்தத் தாளைக் கழுவக் கூடாது. இருட்டில் எடுத்து, ஒரே முறை ஸ்கேன் செய்து, கறுப்பு உறையில் போட்டுவிட வேண்டும். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012இல் கட்டி மறந்துபோன டப்பா 2020இல் கிடைத்தது, 8 வருடச் சூரியனோடு.

வெளிநாட்டுக் குறிப்புகளில் தெற்கே பார்த்துக் கட்டச் சொல்வார்கள். இங்கே சரிவராது. காரைக்குடி 10 டிகிரி வடக்கில் இருப்பதால் நமக்குச் சூரியன் தலைக்கு மேலேயே போகிறது, ஆனியில் உச்சிக்கு வடக்கே கூடப் போய்விடுகிறது. கிழக்கையோ மேற்கையோ பார்த்துக் கட்டுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஓட்டை வழியாக உள்ளே போகும். தாழ்வாரத்து ஓட்டுக்கடியில் கட்டுவது நல்லது.

தெருவுல மர்ம டப்பான்னு போலீஸ்ல சொல்லிட மாட்டாங்களா?

சொல்வார்கள். எங்கள் டப்பா ஒன்றை மின்கம்பத்தில் கட்டி, மூன்றாம் நாள் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தப்பு எங்களுடையது. பொது இடத்தில் கட்டவே கட்டாதீர்கள். சொந்த மாடி, சொந்தச் சுவர். அங்கேயும் ‘ஊசித்துளை கேமரா, திறக்க வேண்டாம்’ என்று பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

பூட்டிக் கிடக்குற வீட்டை வெளியிலேருந்து எடுக்கலாம்ல? யாரைக் கேக்கணும்?

தெருவிலிருந்து முகப்பை எடுப்பது வேறு, உள்ளே போவது வேறு. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். காவலுக்கு இருப்பவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். ஊரில் இருக்கும் பங்காளி ஒருவரிடமாவது கேட்டு, எடுத்த படத்தில் ஒரு பிரதி கொடுங்கள். கோயில்களில் அந்தந்தக் கோயில் விதிப்படி. கருவறைப் பக்கம் டப்பாவைத் திருப்பவே வேண்டாம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். தூணும் நிலையும் விலைபேசப்பட்ட வீடுகளிலிருந்து எங்களைக் கூப்பிடுகிறார்கள், பிரிப்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுங்கள் என்று. பர்மா தேக்கை இழைத்து நிறுத்தியவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. அது போகிற இடமும் தெரியாது. அப்படிக் கூப்பிட்டால் எந்த வேலையிருந்தாலும் போகிறோம். எங்களுக்குக் காசு வேண்டாம், தாளும் ஹைப்போவும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

தாள், கழுவுறது எல்லாம் வேண்டாம், என் டிஜிட்டல் கேமராவுலயே செய்ய முடியுமா?

முடியும். கேமராவின் மூடியில் துளை போட்டு, நாலாவது கேள்வியில் சொன்ன தகட்டை ஒட்டுங்கள். 0.3 மி.மீ. ஓட்டை போதும். சென்சாரில் உள்ள தூசியெல்லாம் படத்தில் தெரியும். ஐஎஸ்ஓவைக் கூட்டி வேகமாக எடுத்துவிடத் தோன்றும். அப்படி எடுத்தால் மங்கல் மட்டும்தான் கிடைக்கும், பொழுது கிடைக்காது. 100லேயே வைத்து, பத்திகளிலும் அந்தி நேரத்திலும் எடுங்கள்.

மொதல் படத்துக்கு எதை எடுக்கட்டும்?

உங்கள் வீட்டுத் திண்ணையை. காலை 9 மணி வெளிச்சம், 4 நிமிடம். டேப்பைப் பிரித்துவிட்டு நீங்களும் போய் ஒரு ஓரத்தில் உட்காருங்கள். பால்காரர் வருவார், பக்கத்து வீட்டு ஆச்சி ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்பார்கள், ஸ்கூல் வேன் போகும். யாரையும் நகரச் சொல்லாதீர்கள். முதல் மூன்று தாள் வீணாகும், பரவாயில்லை; முதலில் நேரத்தைப் பாருங்கள், அப்புறம் ஓட்டையைப் பாருங்கள்.

படம் காய்ந்ததும் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எந்த டப்பா. அதற்குக் கீழே அந்த நேரத்தில் யார் யார் வந்துபோனார்கள் என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள், படத்தில் விழாதவர்கள் பெயரையும் சேர்த்து.